போகப் பதினேழு, வரப் பதினேழு

மார்ச் 4

ஒன்றரைக் கிலோமீட்டர். இரண்டு முறை விழுந்தேன். ஒரு முறை ஓட்டும்போது, ஒரு முறை நின்றுகொண்டிருக்கும்போது. கடைசியாக சைக்கிள் ஓட்டியது பதின்மூன்று வயதில். இப்போது நாற்பத்து மூன்று. ஒரு தடவை பழகினால் மறக்காது என்று சொன்னவர் யாராக இருந்தாலும் அவர் மீது எனக்குக் கோபம்.

சைக்கிள் என் வீட்டுக்காரருடையது. நான்கு வருடங்களுக்கு முன் தொப்பையைக் குறைக்கப் போவதாக அறிவித்து வாங்கினார். ஒன்பது நாள் ஓட்டினார். அதன் பிறகு அதில் துண்டு காய்ந்தது.

மார்ச் 5

எழுதி வைக்காவிட்டால் கோபம் ஆறிவிடும். ஆறக்கூடாது. ஆகவே வரிசையாக எழுதுகிறேன்.

மத்திய நூலகத்தில் பத்தொன்பது வருடமாகப் புத்தகங்களை வகைப்படுத்துகிறேன். எங்கள் தலைமை நூலகருக்கு நாங்கள் வைத்த பெயர் முன்னுரை. ‘மின்விசிறியைப் போடுங்கள்’ என்று சொல்லவும் அவருக்கு இருபது நிமிடம் பிடிக்கும். அவர் போன வருடம் தன் வாழ்க்கை வரலாற்றை எழுதி, அச்சிட்டு, எல்லாக் கிளைகளுக்கும் ஆறாறு பிரதி அனுப்பினார். இருநூற்று நாற்பத்தெட்டுப் பக்கம். அலுவலகத்தில் அதை முழுக்கப் படித்தவள் நான் ஒருத்திதான். என் குற்றம் அங்கே தொடங்குகிறது.

பன்னிரண்டாம் பக்கத்தில் அவர் மூன்று வயதில் நாளிதழ் படிக்கிறார். நாற்பதாம் பக்கத்தில் ஒரு கட்டடத் தீயை ஏறக்குறைய தனியாகவே அணைக்கிறார். எண்பத்தெட்டாம் பக்கத்தில், இளம் வயதில், பெயர் சொல்லாத ஒரு கிளைக்கு சைக்கிளில் போய் வேலை பார்க்கிறார். காலையில் போகும்போதும் எதிர்க்காற்று, மாலையில் வரும்போதும் எதிர்க்காற்று. பாலம் தாண்டியதும் ஒன்பது மரங்களின் தூரத்துக்கு மட்டும் காற்று அவரை மன்னித்துவிடுகிறது. மற்றதைக்கூட விட்டிருப்பேன். ஒரே சாலையில் இரண்டு திசையிலும் எதிர்க்காற்று என்றதும் புத்தகத்தைப் புனைவு அலமாரியில் வைத்தேன்.

மூன்று வாரம் யாரும் கவனிக்கவில்லை. பிறகு ஒரு வாசகர் அதைத் திருப்பிக் கொடுக்க வந்து, முன்னுரையின் காதுபடவே சொன்னார்: “நாவல் நல்லா இருந்துச்சு. முடிவுதான் நம்பற மாதிரி இல்ல.”

என்னைக் கூப்பிட்டார்.

“ஒரு வரி எழுதிக் குடுங்கம்மா. தவறுதலாக நடந்துவிட்டதுன்னு. அதோட விட்டுடலாம்.”

“தவறுதலா நடக்கல சார்.”

“அப்ப எப்படி நடந்துச்சு?”

“படிச்சுப் பாத்து நடந்துச்சு.”

மறுநாள் மாற்றல் உத்தரவு. நிர்வாக நலன் கருதி, ஜூன் 3 முதல், பதினேழு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் கிளை. “அங்க காத்து நல்லா இருக்கும்மா” என்றார், உத்தரவை நீட்டியபடி. சிரித்தாரா? சிரித்தார்.

கிளை ஒன்பது மணிக்குத் திறக்கும். அங்கே போகும் ஒரே பேருந்து பத்து நாற்பதுக்குப் போய்ச் சேரும். வீட்டுக்காரரின் ஸ்கூட்டர் அதே நேரத்தில் எதிர்த்திசையில் அவருடைய மூக்குக்கண்ணாடிக் கடைக்குப் போகும். எனக்கு இடது கண் பிறவியிலேயே மந்தம். ஓட்டுநர் உரிமம் மூன்று முறை மறுத்துவிட்டார்கள். சைக்கிளுக்கு உரிமம் கேட்பார் இல்லை.

ஆக, என் முன்னால் மூன்று வழிகள். ஒரு வரிப் பொய். ராஜினாமா. அல்லது போகப் பதினேழு, வரப் பதினேழு. முதல் இரண்டில் எதைச் செய்தாலும் அந்த மனுஷன் சிரிப்பார்.

மார்ச் 9

மூன்று கிலோமீட்டர். வீட்டுக்காரர் வாசலில் நின்று பார்த்தார்.

“சீட்டு ரொம்பத் தாழ்வா இருக்கு. முட்டி போயிடும்.”

“ஒன்பது நாள் அனுபவத்துல சொல்றீங்களா?”

“இல்ல, படிச்சேன்.”

“நானும் படிக்கிறவதான். படிச்சதெல்லாம் நிஜம் இல்லன்னு சொல்லித்தான் இந்த நெலமையில இருக்கேன்.”

சீட்டு தாழ்வாக இருந்தால் இரண்டு பாதமும் தரையில் படும். விழ மாட்டேன். என் சீட்டு, என் முட்டி.

மார்ச் 10

நின்றுகொண்டே எழுதுகிறேன். உட்கார முடியவில்லை.

மார்ச் 19

ஆறு. இந்த ஊரில் சைக்கிள் ஓட்டத் தெரியாதவர் இருக்கலாம். சொல்லித்தரத் தெரியாதவர் யாருமில்லை. டீக்கடையில் நின்ற ஒருவர், “அக்கா, பின் டயர்ல காத்து இல்ல!” எதிரே நடைப்பயிற்சி போன ஒருவர், “மூக்கால மூச்சு விடுங்க!” கார் கண்ணாடியை இறக்கி ஒரு பெண், “இந்த வயசுல எதுக்குங்க?” மூவருக்கும் மனதுக்குள் பதில் சொன்னேன். வெளியே சொல்ல மூச்சு இல்லை.

டயரில் உண்மையிலேயே காற்று இல்லை. அது வேறு கோபம்.

மார்ச் 30

ஒன்பது. முட்டி எரிகிறது. மாடிப்படி இறங்கும்போது கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு, கப்பலிலிருந்து இறங்குகிறவள் போல இறங்குகிறேன்.

சந்தா மேசைக்காரி இன்று என் அருகில் வந்து உட்கார்ந்தாள். “ஒரு வரிதானேக்கா? எழுதிக் குடுத்துட்டு நிம்மதியா இருக்கலாம்ல?”

ஒரு வரிதான். விடுப்பு விண்ணப்பங்களில் வரும் காய்ச்சல்களைக் கணக்கில் எடுக்காவிட்டால், பத்தொன்பது வருடத்தில் இந்த அலுவலகத்துக்கு நான் எழுதும் முதல் பொய்யாக அது இருக்கும். புத்தகத்தை எங்கே வைக்கிறோம் என்பதுதான் என் வேலை. அதைத் தெரியாமல் வைத்தேன் என்று எழுதிக் கொடுத்தால் மீதி என்ன இருக்கிறது என்னிடம்? நல்ல கையெழுத்து இருக்கிறது.

ஏப்ரல் 8

எழுதிவிட்டேன். ஆமாம். அந்த வரியை.

காலையில் ஏழாவது கிலோமீட்டரில் முட்டி மடங்கவில்லை. இறங்கி, தள்ளிக்கொண்டே வீட்டுக்கு வந்தேன். இரண்டு மணி நேரம். இன்னும் எட்டு வாரம்தான். ஏழே முடியவில்லை, முப்பத்து நாலா? என்னடி பண்ணிட்டிருக்க நீ? யாருக்கு நிரூபிக்கப் போற? மேசையில் உட்கார்ந்து எழுதினேன்: ‘தவறுதலாக நடந்துவிட்டது.’ பிசிறில்லாத வரி. பார்க்கப் பார்க்க உடம்பெல்லாம் எரிந்தது. கிழித்தேன்.

மகள் கதவருகே நின்றாள். பதினாலு வயது, கண்ணில் எதுவும் தப்பாது.

“அம்மா, கோவமா, முட்டி வலியா?”

“ரெண்டும்.”

“வீட்ல ஒண்ணுக்குத்தான் தைலம் இருக்கு.”

ஏப்ரல் 18

பத்து நாளாக ஐந்து, ஆறுக்கு மேல் போகவில்லை. இன்று ஒன்பது. வலி குறைவு. கொஞ்சம் நம்ப முடியவில்லை.

ஏப்ரல் 28

பதின்மூன்று! முட்டி ஒரு வார்த்தை பேசவில்லை. உடம்பு கற்றுக்கொள்கிறது. யாருடைய அறிவுரையும் இல்லாமல், யாருடைய உதவியும் இல்லாமல், வெறும் கோபத்தை மட்டும் எரித்துப் பதின்மூன்று கிலோமீட்டர்.

ஒரு குறை. நிறுத்தும்போது முன்பு போலப் பாதம் தரையில் படவில்லை, விரல்நுனி மட்டும் படுகிறது. காலணி தேய்ந்துவிட்டது போலிருக்கிறது. வீட்டுக்கு வரும் வழியில் தடிமனான அடிப்பாகம் வைத்த புது ஜோடி வாங்கினேன். “நல்லா இருக்கு” என்றார் வீட்டுக்காரர், பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல்.

மே 5

பின் டயர் பஞ்சர். சைக்கிள் கடைக்காரர் ட்யூபை மாற்றிக்கொண்டே கேட்டார்:

“சீட்ட யாரும்மா ஏத்தினது?”

“யாரும் ஏத்தல.”

“ஏழு தடவை ஏத்தியிருக்காங்க. கோடு போட்டு, அளவா. தெரிஞ்ச கைதான்.”

குனிந்து பார்த்தேன். சீட்டின் தண்டில் ஒன்றன்கீழ் ஒன்றாக ஏழு மெல்லிய கோடுகள். நீல மை. கண்ணாடி வில்லைகளில் புள்ளி வைக்க வீட்டுக்காரர் சட்டைப்பையில் வைத்திருக்கும் பேனாவின் மை.

வீட்டுக்கு வந்து கேட்டேன்.

“எப்ப பண்ணீங்க?”

“நாலு நாளைக்கு ஒருக்கா. நீ குளிக்கப் போறப்ப.”

“ஏன் சொல்லல?”

“சொன்னேனே. மார்ச்ல.”

அவரே தொடர்ந்தார்: “மொத்தமா ஏத்தியிருந்தா அன்னைக்கே இறக்கியிருப்ப. கண்ணாடி பவரும் இப்படித்தான். கண்ணுக்குத் தெரியாமதான் ஏத்தணும்.”

என் சைக்கிளை, என்னைக் கேட்காமல், ஒரு மாதமாக. சண்டை போட முழு உரிமை இருக்கிறது. மூன்று மணி நேரம் அந்த உரிமையைக் கையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குள் நடந்தேன். வலிக்காத முட்டியோடு.

புதுக் காலணியைத் திருப்பி எடுத்துக்கொள்ள மாட்டார்களாம்.

மே 19

ஞாயிறு. முதல் முறையாகக் கிளை வரை. ஒரு மணி நாற்பது நிமிடம். கிளை பூட்டியிருந்தது, படியில் உட்கார்ந்து ரொட்டியும் வாழைப்பழமும் சாப்பிட்டேன். போகும்போது சரியான எதிர்க்காற்று. பரவாயில்லை, வரும்போது முதுகில் தள்ளும் என்று கணக்குப் போட்டு, வெயில் தாழ்ந்து கிளம்பினேன்.

வரும்போதும் எதிர்க்காற்று.

எண்பத்தெட்டாம் பக்கம் ஞாபகத்துக்கு வந்தது. வராமல் இருந்திருக்கலாம்.

ஒரு நாள் காற்று ஆதாரம் ஆகாது. பாலத்தைத் தாண்டிப் பார்த்தேன். மரம் ஒன்றுகூட இல்லை. புனைவு.

மே 31

மத்திய நூலகத்தில் கடைசி நாள். முன்னுரை தன் அறைக்கு அழைத்தார். மேசையில் வெள்ளைத்தாள், அதன் மேல் பேனா, மூடி கழற்றித் தயாராக.

“இன்னும் நேரம் இருக்கும்மா. ஒரு வரி.”

பேனாவை எடுத்தேன். மூடியைப் போட்டு வைத்தேன். மை காய்ந்துவிடும் அல்லவா.

“எப்படிப் போவீங்க?”

“சைக்கிள்ல சார்.”

அவர் என்னைப் பார்த்தார். “காலையில கெளம்பறப்ப...” என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார். பிறகு நூலகத் துறையில் அர்ப்பணிப்பு என்ற தலைப்பில் இருபது நிமிடம். நின்று கேட்டேன். நிற்பதற்கு இப்போது கால் பலம் இருக்கிறது.

ஜூன் 3

கிளம்பியது 7.20. போய்ச் சேர்ந்தது 8.51. கிளை உதவியாளர், ஐம்பதைத் தாண்டிய அம்மா, பதிவேட்டை நீட்டினார்: “மொதல்ல வேர்வையத் துடைங்க, கையெழுத்து அழியுது.”

முதல் வேலையாக என் முன் ஒரு பெட்டியை வைத்தார். பிரிக்காத பெட்டி. உள்ளே ஆறு பிரதிகள், முன்னுரையின் வாழ்க்கை. “இத எங்க வைக்கறதுன்னு தெரியல, அப்படியே வெச்சிருக்கேன்.”

எனக்குத் தெரியும் என்று சொல்ல வாயெடுத்தேன். நாளைக்குப் பார்க்கலாம் என்று சொன்னேன்.

ஜூன் 7

ஐந்து நாள், பத்து எதிர்க்காற்று. எங்கள் ஊர் ஏரிக்கரையில், கிளை உள்நாட்டில். காலையில் நிலத்திலிருந்து ஏரிக்கு, மாலையில் ஏரியிலிருந்து நிலத்துக்கு. நாலாம் வகுப்புப் பாடம். படம் வரைந்து பத்துக்குப் பத்து வாங்கியிருக்கிறேன்.

யார் மீது கோபப்படுவது? காற்றின் மீது பட்டேன்.

ஜூன் 12

மாலை, பாலத்தருகே செயின் கழன்றது. மாட்டிவிட்டு, கறுப்பான கையைத் துடைக்கப் புல்லைத் தேடிச் சாலையோரச் சரிவில் இறங்கினேன். புல்லுக்குள் ஏதோ இடித்தது. வெட்டிய மரத்தின் அடிக்கட்டை. அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டேன். பிறகுதான் தள்ளி இன்னொன்று தெரிந்தது. அதற்கும் அப்பால் இன்னொன்று.

எழுந்து போய் எண்ணினேன். ஒன்பது.

திரும்ப எண்ணினேன்.

ஜூன் 13

உதவியாளரிடம் பழைய வருகைப் பதிவேடுகளைக் கேட்டேன். முப்பத்தொரு வருடத்துக்கு முந்தையதில் முன்னுரையின் கையெழுத்து, அப்போதே அரைப் பக்க நீளத்துக்கு. 8.49. 8.52. 8.47. ஒருநாள் 8.44, அதற்கு முந்தியது இல்லை. பதினான்கு மாதத்தில் ஒரு நாள்கூட ஒன்பதைத் தாண்டவில்லை. சைக்கிள் என்று எங்கும் எழுதியிருக்கவில்லை. பக்கம் முழுக்க வேர்வைக் கறை.

ஆக, எண்பத்தெட்டாம் பக்கம் நிஜம். எந்தப் பக்கத்தை ஆதாரமாக வைத்து நான் தீர்ப்பு எழுதினேனோ அந்தப் பக்கம்.

ஆனால் இது நேற்றைவிட மோசமான கோபம். இந்தச் சாலையைத் தெரியாமல் என்னை அனுப்பியிருந்தால் அது அற்பத்தனம். ஒவ்வொரு மேடும் தெரிந்தே அனுப்பியிருக்கிறார். அது என்ன வகை? இத்தனை வருடத்தில் எந்த வகை எண்ணும் தோன்றாமல் நான் உட்கார்ந்திருந்தது இன்றுதான்.

ஜூன் 14

வகைத் திருத்தச் சீட்டு தலைமை அலுவலகத்துக்கு அனுப்பினேன். நகல் இங்கே:

‘முதன்மைப் பதிவு: வாழ்க்கை வரலாறு. துணைப் பதிவு: புனைவு. காரணம்: பக்கம் 88 நேரில் சரிபார்க்கப்பட்டது. மரங்கள் தற்போது இல்லை, அடிக்கட்டைகள் ஒன்பது. ஏனைய பக்கங்கள் பற்றிய முந்தைய கருத்தில் மாற்றமில்லை.’

தவறுதலாக என்ற சொல் எங்கும் இல்லை. பிழை இருந்தது; அதைப் படித்துப் பார்த்துத்தான் செய்தேன்.

ஆறு பிரதிகளையும் அலமாரியில் வைத்தேன். ஐந்து வாழ்க்கை வரலாற்றில், ஒன்று புனைவில்.

ஜூன் 18

மதியம் கிளைத் தொலைபேசி. உதவியாளர் வாயைப் பொத்திக்கொண்டு, “பெரியவரு!” என்று நீட்டினார். நாற்காலியை இழுத்து உட்கார்ந்துகொண்டேன், இருபது நிமிடத்துக்குத் தயாராக.

“மரமெல்லாம் வெட்டிட்டாங்களா?”

“ஆமா சார்.”

“ஒன்பதும்?”

“ஒன்பதும்.”



“சாயங்காலக் காத்துதான் மோசம்” என்றார். வைத்துவிட்டார்.

முன்னுரை இல்லாமல் அவர் பேசி நான் கேட்டது இதுவே முதல் தடவை. மாற்றல் உத்தரவைப் பற்றி அவர் சொல்லவில்லை, நான் கேட்கவில்லை. கோபம் போய்விட்டதா? இல்லை. இன்னும் இருநூற்று நாற்பத்தேழு பக்கம் பாக்கி இருக்கிறது.

முப்பத்து நாலு கிலோமீட்டர். மாலையில் முதல் தூறல். இன்றைய வருகை: 8.43.