சாவி அத்தை கேட்டது

அன்புள்ள மகனுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் நடமாடிக்கொண்டுதான் இருக்கிறோம், அதையே சுகம் என்று எடுத்துக்கொள். உனக்கு இருமல் விட்டதா, வேளைக்குச் சாப்பிடுகிறாயா? போன் இருக்கும்போது இவள் எதற்குக் காகிதமும் பேனாவுமாக உட்கார்ந்திருக்கிறாள் என்று நினைப்பாய். போனில் நான் பாதி சொல்வதற்குள் மீதியை நீயே சொல்லி முடித்துவிடுகிறாய், அதனால்தான். அக்காவுக்கு வேலை நிரந்தரமாகிவிட்டது, ஆனாலும் முகத்தில் சிரிப்பைக் காணோம், மேலதிகாரி சிடுமூஞ்சியாம். அப்பாவுக்கு முட்டிவலி, மாடிப்படியைப் பார்த்தாலே முறைக்கிறார். உன் அறையில் அக்காவின் துணிமணிகளை அடுக்கியிருக்கிறோம், கோபித்துக்கொள்ளாதே.

சாவி அத்தை தவறிவிட்டதை அப்பா உன்னிடம் சொன்னபோது, "அடடா, பாவம், பரீட்சை முடியட்டும் பேசுறேன்" என்றாயாம். பரீட்சை முடிந்து நீ நண்பர்களோடு மலைக்குப் போய் எடுத்த படங்கள்கூட வந்துவிட்டன, நீ பேசவில்லை. எதிர்வீட்டுச் சாவிக்கடைக்காரரின் மனைவிக்கு அந்தப் பெயரை வைத்ததே நீதான். நான் மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் வேலை முடிந்து வரும்வரை அவள் வீட்டில்தானே கிடப்பாய், அவள் ஊட்டினால்தான் உனக்குச் சோறு இறங்கும். சொந்த அத்தை ஒருத்தி இருந்தும் நீ அவளைத்தான் அத்தை என்றாய்.

நம் மொட்டைமாடியில் செல்போன் டவர் வைக்கக் கேட்டு வந்தபோது அப்பா தயங்கினார். மொபைல் தகவல்தொடர்பில் மேல்படிப்புப் படிக்கிற பிள்ளை நீ, ஒன்றும் ஆகாது என்று சொன்னாய், ஒத்துக்கொண்டோம். அதன் பிறகுதான் அவளுக்குப் புற்றுநோய் வந்தது. தெருவில் ஆளுக்கொன்று பேசினார்கள், உங்க வீட்டுக் கம்பியாலதான் என்று மளிகைக் கடைக்காரம்மா என் முகத்துக்கு நேரே சொன்னாள். சாவி அத்தை மட்டும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஒருநாள் வந்து, தலையில் சுற்றியிருந்த துணியைச் சரிசெய்துகொண்டே, "தம்பிகிட்ட ஒரு வார்த்தை கேக்கட்டுமா, அவன் சொன்னா மனசு ஆறும்" என்றாள். நான்தான் ஸ்பீக்கரில் போட்டுக் கொடுத்தேன்.

அன்றைக்கு நீ பேசியது உனக்கு நினைவிருக்கிறதா தெரியவில்லை. எனக்கு இருக்கிறது. "மேல நிக்கிறது என்னை ஏதாவது செய்யுமா தம்பி, பயமா இருக்கு" என்றாள். நீ அலைவரிசை என்றாய், வாட் என்றாய், இத்தனை மீட்டர் தள்ளி என்றாய், வகுப்பெடுப்பதுபோல மூச்சுவிடாமல் பேசினாய். அவள் புரியாமல் மறுபடி கேட்டதும், "படிக்காதவங்க கிளப்பிவிடுற கதையை எல்லாம் நம்பிக்கிட்டு என் நேரத்தையும் வீணாக்குறீங்களே அத்தை" என்றாய். பக்கத்தில் யாரிடமோ நீ இருக்கிற ஊர் பாஷையில் என்னவோ சொன்னாய், இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். சிரிப்புக்குப் பாஷை வேண்டுமா? அவள் என் போனை இரண்டு கையாலும் பிடித்தபடி, "சரிப்பா, நீ நல்லாப் படி" என்று சொல்லி, அதை என்னிடம் நீட்டிவிட்டு எழுந்து போனாள். எப்படி இருக்கீங்க அத்தை என்று ஒரு வார்த்தை நீ கேட்கவில்லை. நான் பெற்ற பிள்ளைதானா இவன் என்று நினைத்துக்கொண்டே போனை வைத்தேன். அதற்குப் பிறகு அவள் நம் வீட்டுப் படி ஏறவே இல்லை. நான் போனால் பேசுவாள், உன் பேச்சை மட்டும் எடுக்கமாட்டாள்.

காரியமெல்லாம் முடிந்த பிறகு அப்பா முட்டியைப் பிடித்துக்கொண்டு சாவிக்கடைக்குப் போனார், நானும் கூடப் போனேன். டவரை எடுக்கச் சொல்லிவிடுகிறோம் என்றார் அப்பா. அந்த மனிதர் அராவிக்கொண்டிருந்த சாவியைக் கீழே வைத்துவிட்டு, "எதுக்குங்க எடுக்கணும், தம்பி சொன்னது சரிதான், டாக்டரும் அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லைன்னுதான் சொன்னாரு" என்றார். எனக்கு மூச்சு வந்ததுபோல இருந்தது. அப்புறம் தலை நிமிராமலே, "ஆனா அன்னைக்கு அப்புறம் அவ டாக்டர்கிட்டகூட ஒண்ணும் கேக்கலம்மா. வலிக்குதான்னு கேட்டாலும் தலையை மட்டும் ஆட்டுவா. ஏன்டி வாயைத் திறந்து சொல்ல மாட்டேங்கிறேன்னு கேட்டேன், சொன்னா சிரிப்பாங்கன்னு சொல்லிட்டா" என்றார். அப்பா அங்கிருந்த முக்காலியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்க வெகுநேரம் ஆனது.

நீ சொன்னது தப்பென்று இதை எழுதவில்லை. அது சரியாக இருந்ததுதான் எனக்குப் பொறுக்கவில்லை. தப்பாக இருந்திருந்தால் திட்டித் தீர்த்திருப்பேன்.

ஆய்வறிக்கை முடிக்கும் நேரம், கண்ணைக் கெடுத்துக்கொள்ளாதே. நல்லபடியாகத் தேறி, நல்ல வேலையில் அமர்ந்து, நீண்ட ஆயுளோடு இரு, பெற்றவள் வேறு என்ன சொல்வாள். இந்தக் கடிதம் கிடைத்ததும் சாவிக்கடைக்காரருக்குப் போன் செய். எதையும் விளக்காதே. அவர் பேசினால் கேள், பேசாமல் இருந்தால் நீயும் பேசாமல் இரு, அவராக வைக்கும்வரை நீ வைக்காதே.

கோபம் ஆறாத,
உன் அம்மா