நாங்குநேரி சுற்றிவந்த ஒற்றைத் தாள்

இன்று காலை கூரியரில் ஒரு கல்யாண அழைப்பிதழ் வந்தது. என்னிடம் பள்ளியில் தாவரவியல் படித்த பெண்ணுடையது. சொரசொரப்பான பழுப்புத் தாள். உள்ளே துளசி விதை வைத்துச் செய்ததாம். படித்து முடித்ததும் மண்ணில் புதைத்தால் முளைக்கும் என்று பின்பக்கம் எழுதியிருக்கிறது. விதை நனைந்துவிடக் கூடாதென்று தாளை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு, உறையை ஓர் அட்டைப் பெட்டியில் வைத்து, பெட்டிக்கு மேல் இன்னொரு பிளாஸ்டிக் உறை. இதே அழைப்பு போன வாரம் பாட்டும் பூமழையுமாக வீடியோவாகவும் என் கைப்பேசிக்கு வந்திருந்தது.

நீ இருந்திருந்தால் இத்தனை உறையையும் மேசைமேல் வரிசையாகப் பரப்பிவிட்டு, என்னைப் பார்த்திருப்பாய். அந்தப் பார்வைக்கே நான் சிரித்திருப்பேன். தனியாகச் சிரிக்கப் பிடிக்கவில்லை. அதனால் உட்கார்ந்து உனக்கு எழுதுகிறேன்.

கல்லூரியில் இரண்டாம் வருஷம் மாஞ்சோலைக்குப் போய்விட்டு வந்தோமே, அன்றைக்குத்தான் உனக்கு இந்தக் கிறுக்கு பிடித்தது. மலையிறங்கி வந்த பஸ் ரயில்வே கேட்டில் நின்றது. பக்கத்தில் தைல மரக் கட்டை ஏற்றிய லாரி. நீ ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி எங்கே போகிறது என்று கேட்டாய். காகித மில்லுக்கு என்றார் டிரைவர். எட்டிக் கையை நீட்டி ஒரு கட்டையின் பட்டையைப் பிய்த்து, முகர்ந்து பார்த்துவிட்டு என் மூக்கருகே நீட்டினாய். "ஏட்டி, நம்ம ரெக்கார்டு நோட்டு இதுதான்" என்றாய். பாளையங்கோட்டை வந்து சேரும்வரை அந்தப் பட்டையைக் கையிலிருந்து விடவில்லை.

அதற்குப் பிறகு நீ எறும்பு எழுத்தில் எழுத ஆரம்பித்தாய். ரெக்கார்டு நோட்டில் ஒரு பக்கம் படம், மறுபக்கம் எழுத்து என்பது வழக்கம். நீ படத்தின் அடியிலேயே எல்லாவற்றையும் எழுதி முடித்து, பாதி நோட்டை மிச்சம் பிடித்தாய். மேடம் அதை ஏற்காமல் திருப்பிக் கொடுத்துவிட்டார். நீ மொத்தத்தையும் புது நோட்டில் திரும்ப எழுதினாய். அரை நோட்டை மிச்சம் பிடிக்கப் போய் ஒரு நோட்டு அதிகச் செலவு. வகுப்பே ஒரு வாரம் அதைச் சொல்லிச் சிரித்தது. அதிகமாகச் சிரித்தது நீதான்.

படிப்பு முடிந்து நான் பி.எட். சேர்ந்தேன். தொண்ணூறுகளின் கடைசி அது. திருநெல்வேலி ஜங்ஷனில் புதிதாகத் திறந்த கம்ப்யூட்டர் சென்டரில் நீ வேலைக்குச் சேர்ந்தாய். டெலிபோன் வழியாக இன்டர்நெட் பிடிக்கும்போது வரும் கீச்சொலியை ஏதோ குயில் கூவியதுபோல எனக்கு நடித்துக் காட்டினாய். இனிமேல் ஒரு கடிதத்துக்காக ஒரு மரம் சாக வேண்டாம் என்று நீ சொன்னபோது நானும் நம்பினேன்.

ஊர் அதை வேறு மாதிரிப் புரிந்துகொண்டது. சென்டருக்கு இருந்தது ஒரே ஒரு மின்னஞ்சல் முகவரி. துபாயிலும் அமெரிக்காவிலும் இருந்த பிள்ளைகள் எல்லாரும் அதற்குத்தான் எழுதுவார்கள். முதல் வரியில் இன்ன தெரு, இன்னார் வீட்டுக்கு என்று இருக்கும். நீ போன் போட்டுச் சொன்னால் அம்மாமார் வருவார்கள். ஒருநாள் நான் அங்கே இருந்தபோது டவுனிலிருந்து ஓர் அம்மா வந்தார். தாளை மிச்சம் பிடிக்க, நீ மகனுடைய கடிதத்தைத் திரையில் பார்த்து, அவருக்காக மெதுவாக, ஏற்ற இறக்கத்தோடு படித்துக் காட்டினாய். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டார்.

"நல்லா வாசிச்சே தாயி. இப்பம் அதைத் தா."

"அதைத்தான் வாசிச்சிட்டேனேம்மா."

"வாசிச்சது ஒனக்குள்ள இருக்கு. எனக்குக் கையில தா."

சென்டர்கார அண்ணாச்சி சிரித்துக்கொண்டே பிரிண்டரைத் தட்டினார். நீ மரத்தைக் காப்பாற்று, நான் கடையைக் காப்பாற்றிக்கொள்கிறேன் என்று அவர் உன்னைச் சீண்டுவது தினமும் நடக்கும். இருபக்கமும் ஓட்டை போட்ட தாள் கரகரவென்று வெளியே வந்தது. தாளே இல்லாமல் கடல் தாண்டி வந்த கடிதம், திருநெல்வேலியில் இறங்கியதும் தாளாகிவிட்டது.

இதெல்லாம் பார்த்தும் நீ மசியவில்லை. கல்யாணம் நிச்சயமானதும், ஒரு பத்திரிகைகூட அடிக்கக் கூடாது என்று வீட்டில் சொல்லிவிட்டாய். வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு மின்னஞ்சல், மற்றவர்களுக்கு வீட்டுக்குப் போய் வாயால் அழைப்பு. உன் அம்மா அடுக்களையிலிருந்தே கேட்டார்: "பத்திரிகை வைக்காத கல்யாணத்துக்கு எவ வருவா? தெருவுல போறவளாவது வருவாளா?"

உன் அப்பா மட்டும் கோபப்படவில்லை. "அடிக்காண்டாம்னா அடிக்காண்டாம். ஆனா அண்ணன் வரணும்ட்டி. மத்த யாரு வராட்டாலும் பரவாயில்ல" என்றார்.

நாங்குநேரியில் இருந்த உன் பெரியப்பாவைத்தான் சொன்னார். பாகப்பிரிவினையில் ஒரு கிணற்றுப் பங்குக்காக முறிந்த பேச்சு. அண்ணனும் தம்பியும் அதற்குப் பிறகு ஒருவர் வீட்டு வாசலை ஒருவர் மிதிக்கவில்லை. தான் போனால் அவர் எழுந்து உள்ளே போய்விடுவார், உன்னைப் பார்த்தால் உட்கார்ந்திருப்பார் என்பது உன் அப்பாவின் கணக்கு. கல்யாணப் பெண் ஊர் ஊராக அலைவதா என்று அம்மா தலையில் அடித்துக்கொள்ள, துணைக்கு நான் வந்தேன்.

பெரியப்பா சாய்வு நாற்காலியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். உன்னைப் பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றினார், எழுந்து போகவில்லை. நமக்கு மோர் வந்தது. நாம் கொண்டுபோன அழைப்புத் தட்டை வாங்கிய பெரியம்மா பூவையும் பழத்தையும் விலக்கி விலக்கிப் பார்த்தார். பெரியப்பா கேட்டுவிட்டார்: "பத்திரிகை எங்கட்டி?"

நீ லாரியிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னாய். நன்றாகத்தான் சொன்னாய். அவரும் குறுக்கே பேசாமல் கேட்டார்.

"ஒங்கப்பன் என்ன சொன்னான்?"

"அப்பாவும் சரின்னுட்டாவ பெரியப்பா."

"சொல்லுவான், சொல்லுவான்." பேப்பரை மடித்து மடியில் வைத்துக்கொண்டார். "எம் பேரைப் போடக் கூடாதுன்னு பத்திரிகையையே நிப்பாட்டிட்டான். என்ன மூளை பாரு."

அப்போதுதான் நமக்கு உறைத்தது. உங்கள் குடும்பத்தில் எந்தக் கல்யாணப் பத்திரிகையிலும் கீழே அழைப்பவராக வீட்டு மூத்தவர் பெயர்தான் இருக்கும். பெண்ணைப் பெற்றவர் பெயர் உள்ளே வரும். ஊரை அழைப்பது மூத்தவர். அத்தனை வருஷப் பிணக்குக்குப் பிறகு தம்பி அந்த இடத்தில் அண்ணன் பெயரைப் போடுகிறானா என்று பார்க்கத்தான் அவர் காத்திருந்திருக்கிறார். நாம் அந்த இடத்தையே இல்லாமல் ஆக்கிவிட்டு, கையில் வாழைப்பழத்தோடு வந்து நின்றிருக்கிறோம். நீ எவ்வளவோ சொல்லிப் பார்த்தாய். அவர் மறுபடியும் பேப்பரை விரித்துவிட்டார்.

திரும்பும் பஸ்ஸில், மூன்றடைப்பு ஊர் தாண்டியதும் என் பக்கம் திரும்பினாய். "மரத்தை மட்டுந்தாம்ட்டி பாத்தேன். தாள்ல என்ன எழுதியிருக்கும்னு யோசிக்கவே இல்ல."

அன்று ராத்திரியே பிரஸ்ஸுக்குப் போகலாம் என்று உன் அம்மா சொன்னார். ஆயிரம் அடித்தாலும் எனக்குச் சம்மதம், அண்ணன் வந்தால் போதும் என்றார் அப்பா. பிடிவாதத்துக்கும் அப்பாவின் முகத்துக்கும் நடுவில் நீ தவித்த தவிப்பு எனக்கு மட்டும்தான் தெரியும். மறுநாள் சென்டரில் உட்கார்ந்து ஒரு பத்திரிகையை நீயே தட்டச்சு செய்தாய். மேலே பிள்ளையார் சுழி, நடுவில் உங்கள் இருவர் பெயர், கீழே அழைப்பவராகப் பெரியப்பா பெயர், மற்ற எழுத்தைவிடப் பெரிதாக. ஒரே ஒரு பிரதி. இருபக்கமும் இருந்த ஓட்டைப் பட்டியைக்கூட நீ கிழிக்கவில்லை. ஒரு பத்திரிகைக்கு என்ன காசு வாங்க என்று அண்ணாச்சி வாங்க மறுத்துவிட்டார்.

இந்தமுறை அப்பாவும் வந்தார். பெரியப்பா வீட்டு நடைக்கு வெளியே தட்டோடு அவர் நின்ற நிலையை என்னால் மறக்க முடியாது. வயதான மனிதர், பள்ளிக்கூடத்துக்குப் பிந்தி வந்த பையனைப் போல நின்றார். பெரியப்பா தம்பியைப் பார்க்கவில்லை, தாளைப் பார்த்தார். கண்ணாடியைப் போட்டு மேலிருந்து கீழே படித்தார். கீழே வந்ததும் மறுபடி மேலே போனார்.

"ஒண்ணுதான் அடிச்சியா?"

"ஒண்ணே ஒண்ணுதான் பெரியப்பா."

"அப்பம் எம் பேரு போட்டிருக்கது ஊருக்கு எப்படிட்டி தெரியும்?"

வாசலிலிருந்து உன் அப்பாதான் பேசினார். அண்ணனோடு அத்தனை வருஷம் கழித்து அவர் பேசிய முதல் பேச்சு அது.

"நீங்கதான் காட்டணும்ண்ணே."

பெரியப்பா தாளைச் சுருட்டவில்லை, மடிக்கவில்லை. பெரியம்மாவைக் கூப்பிட்டு நான்கு மூலையிலும் மஞ்சள் தடவச் சொன்னார். பிறகு தம்பியைப் பார்க்காமலேயே, "உள்ள வந்து இரி. வாசல்ல நிக்காத" என்றார்.

அடுத்து நடந்ததெல்லாம் நாம் கேள்விப்பட்டதுதான். அந்த ஒற்றைத் தாளை ஒரு பிளாஸ்டிக் கோப்புக்குள் வைத்துக்கொண்டு அவர் நாங்குநேரியில் வீடு வீடாக ஏறினார். உட்கார்ந்ததும் தாளை நீட்டி வாய்விட்டுப் படிக்கச் சொல்வார். கீழே தன் பெயர் வரும்வரை காத்திருப்பார். அந்த வீட்டுப் பெண்கள் மூலையில் குங்குமம் வைத்துக் கொடுத்ததும் திரும்ப வாங்கிக்கொள்வார். திசையன்விளையில் ஒரு சொந்தக்காரர் சாமி படத்துக்கு முன்னால் வைத்துக்கொள்ளக் கேட்டாராம். "இது சுத்தணும் வே. வேணும்னா எழுதி வச்சிக்கிடும்" என்று பெரியப்பா கோப்பை மூடிவிட்டார்.

முகூர்த்தத்தன்று விடிகாலையில் மண்டப வாசலில் உன் அப்பா நிலைகொள்ளாமல் நின்றார். வருகிறேன் என்று பெரியப்பா வாயால் சொல்லவே இல்லை. அலங்காரத்துக்கு உட்கார்ந்திருந்த நீ, வந்தாச்சா என்று பார்த்துவர என்னைத் திரும்பத் திரும்ப அனுப்பினாய். நான் போன ஒரு தடவை, வாசலில் இரண்டு பேர் நின்றார்கள். பெரியப்பா பன்னீர்ச் செம்பைத் தன் கையில் வாங்கியிருந்தார். உன் அப்பா ஓரடி பின்னால், சந்தனக் கிண்ணத்தோடு. வந்தவர்களைப் பெரியப்பா வாங்க என்றார், அப்பா வாங்க வாங்க என்றார். நாங்குநேரியே வந்திருந்தது. இலை போதாமல் டவுனுக்கு ஆள் அனுப்ப வேண்டியதாயிற்று. "ஆயிரம் அடிச்சிருந்தாலும் இத்தனை பேரு வந்திருக்க மாட்டாவ" என்று உன் அம்மா யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார், என்னவோ அது தன் யோசனை என்பதுபோல.

நான் வந்து உன்னிடம் சொன்னேன். மை கலையாமல் அழ நீ பட்ட பாடு இருக்கிறதே.

நீ சென்னைக்குப் போன பிறகு, வருஷத்துக்கு ஒருமுறை தாளா திரையா என்று சண்டை போட்டோம். காகிதத்தை விட்டுவிடுங்கள், மரத்தைக் காப்பாற்றுங்கள் என்று வங்கி எனக்கு எழுதுகிறது. படிக்கும்போதெல்லாம் உன் பழைய குரல் கேட்கிறது. பிந்தைய குரல் வேறாக இருந்தது. நாம் அனுப்பும் படங்களும் வீடியோக்களும் எங்கோ பெரிய கட்டடங்களில் இரவும் பகலும் மின்சாரம் தின்றுகொண்டு, குளிர்விக்கத் தண்ணீரும் குடித்துக்கொண்டு கிடக்கின்றன என்று நீதான் எனக்குச் சொன்னாய். "கட்டை லாரி பக்கத்துல நின்னா வாசனை தெரிஞ்சுதுட்டி. இதுக்கு லாரியே கண்ணுல படமாட்டேங்குது" என்றாய். பழைய பேப்பர் எடைக்குப் போய்க் கடலை மடிக்கவாவது ஆகிறது. என் அலமாரியில் செத்துக் கிடக்கும் கைப்பேசிகளை வாங்க ஆள் வரவில்லை. அப்படியானால் எதுதான் நல்லது என்று நான் கேட்டேன். உனக்கும் தெரியவில்லை. தெரியாது என்று சொல்ல நீ எப்போதுமே கூச்சப்பட்டதில்லை. கொஞ்சமாகச் சொல்ல வேண்டும், சொல்ல வேண்டியவர்களுக்குச் சொல்ல வேண்டும், அது போதும் என்றுதான் தோன்றுகிறது என்றாய்.

போன ஆவணியில் நீ ஒரேயடியாகப் போய்விட்டாய். நம் வகுப்புக் குழுவில், காலை வணக்கத்துக்கும் புடவைத் தள்ளுபடிக்கும் நடுவில் உன் படம் வந்தது. அதன் கீழே வரிசையாகக் கூப்பிய கைகள். எனக்கு எல்லாக் கைகளும் ஒன்றுபோலத் தெரிந்தன. அதை மற்றவர்களுக்கு அனுப்பலாமென்று தொட்டேன்; யார் யாருக்கு அனுப்ப வேண்டும் என்று கேட்டுத் திரையில் பெயர்கள் வந்து நின்றன. நான் கைப்பேசியை அணைத்துவிட்டேன்.

உன்னிடமிருந்து எனக்கு வந்து தங்கியிருப்பது இந்தப் பழக்கம்தான். இன்னாருக்கு நான் போய்ச் சொல்ல வேண்டும் என்று தோன்றினால் செருப்பை மாட்டிவிடுகிறேன். அன்றும் அப்படித்தான் பஸ் ஏறினேன். நம்மோடு படித்தவர்களில் உனக்கு நெருக்கமானவர்களின் வீடுகளுக்குப் போனேன். கடைசியாகத் திசையன்விளை. நம் தோழி தன் ஜவுளிக் கடையில் தனியாக உட்கார்ந்திருந்தாள். பக்கத்திலேயே அவளுடைய கைப்பேசி. என்னைப் பார்த்ததும் எழுந்து வந்து, ஸ்டூலை இழுத்துப் போட்டு, தண்ணீர் கொடுத்தாள்.

"காலையிலயே போன்ல பாத்துட்டேன்ட்டி," என்றாள். என் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள். "இருந்தாலும் நீ சொல்லு."

நான் சொன்னேன்.