நான்கு மூலையிலும் மஞ்சள்

துடியலூர்,
18.8.1997

அன்புள்ள மாமாவுக்கு,

இல்லை, இன்னும் கையெழுத்துப் போடவில்லை. மறந்துபோகவில்லை. நேரம் இல்லாமலும் இல்லை. உங்கள் ஏஜெண்ட் சென்னகேசவன் நான்கு தடவை வந்துவிட்டார். நான்கு தடவையும் படிவத்தைச் சாப்பாட்டு மேஜையில், என் தட்டு வைக்கும் இடத்தில் வைத்துவிட்டுப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை போனில் கேட்டீர்கள். அம்மா பக்கத்தில் நின்றாள். "பார்க்கிறேன்" என்று சொல்லிப் போனை அவளிடம் கொடுத்துவிட்டேன். அவள் இல்லாத இடம் இந்தக் கடிதம் ஒன்றுதான்.

நம் ஹர்ஷிணிக்கு முன்பல் ஆடுகிறது. ஆடி முடிந்தும் காற்று அடங்கவில்லை. ஜன்னலைத் திறந்தால் உங்கள் தாள்கள் வீடெல்லாம் பறக்கின்றன. மேலே அம்மிக் குழவியை எடுத்து வைத்திருக்கிறேன்.

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். உங்களுக்குத் தெரிந்ததையும் சேர்த்து. நீங்கள் போனில் சொன்னதெல்லாம் எழுத்தில் எப்படி இருக்கிறது என்று ஒரு தடவை படித்துப் பாருங்கள்.

அமெரிக்காவில் நீங்கள் இருக்கும் மாநிலத்தில் அக்கா மகளைக் கட்டினால் அது கல்யாணமாகச் செல்லாது என்று உங்கள் வக்கீல் சொன்னார். செல்லாத கல்யாணத்துக்கு க்ரீன் கார்டு கிடையாது. எனக்குக் கிடையாது. ஹர்ஷிணிக்கு உண்டு. அவளை மட்டுமாவது முதலில் அழைத்துக்கொள்ளலாம் என்று ஜூன் மாதக் கடிதத்தில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். அந்த வரிக்கு நான் பதில் எழுதவில்லை. நீங்களும் அதைப் பற்றி மறுபடி எழுதவில்லை. இருவருக்கும் அந்த வரி மனப்பாடம்.

பிறகு வக்கீலே வழி சொன்னாரோ, நீங்கள் கண்டுபிடித்தீர்களோ. அம்மா என்னைப் பெறவில்லை என்று ஆகிவிட்டால் போதும். அவள் என் அப்பாவுக்கு இரண்டாம் தாரம். எனக்குச் சித்தி. சித்தியின் தம்பியைக் கட்டினால் ரத்த உறவு இல்லை. எல்லாம் செல்லும்.

சென்னகேசவன் முதல் நாள் வந்தபோது நம் கல்யாணப் பத்திரிகையைக் கேட்டார். கல்யாணத்துக்கு அதுதான் சாட்சியாம், போட்டோவோடு அதையும் வைக்க வேண்டுமாம். எடுத்துக் கொடுத்தேன். படித்தார். சிரித்தார். ஏனுங்க அம்மணி, ஒரே பேரு ரெண்டு பக்கமும் இருக்குதுங்களே என்றார்.

இருக்கத்தான் செய்கிறது. இடது பக்கம் மாப்பிள்ளையின் அப்பா வெங்கடபதி நாயுடு. வலது பக்கம் பெண்ணின் தாத்தா வெங்கடபதி நாயுடு. அச்சகத்துக்காரர் பிழை என்று நினைத்து ஆள் அனுப்பிக் கேட்டாராம். பிழை இல்லை, இன்னும் கொஞ்சம் தடித்த எழுத்தில் போடு என்று தாத்தா சொல்லி அனுப்பினாராம். அவர் இருந்தவரை அந்தக் கதையைச் சொல்லாத விசேஷம் இல்லை. நீங்களும் சிரிப்பீர்கள்.

சென்னகேசவன் சொன்னார்: வெள்ளைக்காரனுக்குத் தமிழ் தெரியாதுங்க அம்மணி, அவனப் பத்திப் பயமில்ல. பக்கத்துல மொழிபெயர்க்க உக்காந்திருப்பான் பாருங்க நம்மாளு, அவன் ஒருத்தன் போதும், சோலிய முடிச்சுப்போடுவான். இந்தப் பத்திரிகைய அடுப்புல வெச்சுருங்க. நான் வேற அடிச்சுக் குடுத்தர்றேன்.

வேறு அடித்துக் கொடுத்தார். 1991ஆம் வருஷத் தேதி போட்ட பத்திரிகை, 1997இல் கம்ப்யூட்டர் எழுத்தில். தாத்தா பெயர் ஒரு பக்கம் மட்டும். என் பக்கத்தில் "காலஞ்சென்ற ரங்கநாயகி அம்மாளின் குமாரத்தி". புதுத்தாள் பளபளவென்று இருந்தது. டீத்தண்ணியில் ஒரு முக்கு முக்கி மொட்டை மாடியில் இரண்டு நாள் போட்டு எடுங்கள் என்றார். அம்மா போட்டு எடுத்தாள். காக்கை எச்சமிட்ட ஒன்றைத் தனியாக எடுத்து வைத்தாள். அந்தக் கல்யாணத்துக்குக்கூட அபசகுனம் பார்க்கிறாள்.

ரங்கநாயகி யார் என்று நீங்கள் கேட்கவில்லை. சென்னகேசவன்தான் செத்துப்போனவளுக்கு ஒரு பெயர் வேண்டும் என்றார். நான் எழுந்து உள்ளே போய்விட்டேன். அம்மா யோசிக்கவே இல்லை, உடனே சொன்னாள். ஐந்தாம் வகுப்பில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தவளாம். மூளைக்காய்ச்சலில் போய்விட்டாளாம். பாவம், அவளுக்கும் ஒரு கல்யாணம் ஆன மாதிரி இருக்கட்டுமே என்றாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள்.

வீட்டில் நாம் பேசுவது தெலுங்கு. உங்களுக்கு நான் எழுதுவது தமிழ். பிரமாணப் பத்திரம் ஆங்கிலம். அம்மாவுக்கு அதில் ஓர் எழுத்துகூடத் தெரியாது. சென்னகேசவன் விரல் வைத்த இடத்தில் தமிழில் "ராமாமணி" என்று மெதுவாக எழுதினாள். ணி-யின் சுழியைக்கூட முழுதாகப் போட்டாள். அவள் போன பிறகு நான் படித்தேன்.

"மேற்படி வசுமதி என் கணவரின் முதல் மனைவியான காலஞ்சென்ற ரங்கநாயகிக்குப் பிறந்தவர். பிரசவத்தின்போது உறவினர் என்ற முறையில் நான் உடனிருந்தேன்."

உடனிருந்தேன்.

இதைப் பற்றி நான் கேட்டபோது சென்னகேசவன் கோபப்படவில்லை. அதுல என்னுங்க பொய், உங்கம்மா அன்னிக்கு அங்கதான இருந்தாங்க என்றார். நல்ல தொழில்காரர். நீங்கள் ஆளைத் தேர்ந்தெடுத்ததில் குறை சொல்ல மாட்டேன்.

ரங்கநாயகி என்னைப் பெற்ற பதினேழாம் நாள் செத்தாள் என்று அடுத்த வரி. ஆக, என் தாளில் என் அம்மா இல்லை. உங்கள் தாளில் அவள் உங்கள் அக்காவாகவே இருக்கிறாள். அதை யாரும் தொடவில்லை. நாளைக்கு அவளுக்கு ஏதாவது ஆனால் நீங்கள் அக்கா என்று சொல்லி விமானம் ஏறலாம். நான் என்ன சொல்லி ஏறுவது? ஏற்கெனவே ஒரு தடவை செத்தவள் என்றா?

பத்திரிகை காய்ந்ததும் அம்மா அதைப் பார்த்து, ஏதோ குறைகிறது என்றாள். சமையலறைக்குப் போனாள். மஞ்சளைக் குழைத்து எடுத்து வந்தாள். நான்கு மூலையிலும் தடவினாள். ஒவ்வொரு மூலையாக, விரல் நுனியால், சாமி முன்னால் உட்கார்ந்து தடவுவதுபோல. மஞ்சள் இல்லாமல் எந்த வீட்டில் பத்திரிகை கொடுப்பார்கள், பார்த்தவுடன் பிடித்துவிட மாட்டார்களா என்றாள். சென்னகேசவனுக்குத் தோன்றாதது அவளுக்குத் தோன்றியது. அவர் கைதட்டாத குறை. அம்மாவுக்கு அன்று முழுக்கச் சந்தோஷம்.

நான் அன்று சாப்பிடவில்லை. இதை அவள் உங்களிடம் புகாராகச் சொல்லியிருப்பாள்.

வீட்டுக்கே ஆள் வந்து விசாரிப்பார்கள் என்று சென்னகேசவன் பயமுறுத்தியிருக்கிறார். அம்மா கூடத்துச் சுவரிலிருந்து இரண்டு படங்களைக் கழற்றிவிட்டாள். ஒன்று நம் கல்யாணப் படம், தாத்தா நடுவில் நிற்பது. இன்னொன்று எனக்குக் காது குத்தியது. உங்களுக்குப் பன்னிரண்டு வயது. தாய்மாமன் என்று உங்கள் மடியில் என்னை உட்கார வைத்திருக்கிறார்கள். நான் அழுகிறேன். நீங்களும் அழுகிறீர்கள். படங்கள் இருந்த இடத்தில் சுண்ணாம்பு வெள்ளையாக இரண்டு கட்டம். விசாரிக்க வருகிறவன் முதலில் அதைத்தான் பார்ப்பான்.

ஹர்ஷிணியைப் பழக்குகிறாள். இவங்க யாருன்னு கேட்டா என்ன சொல்லணும்? "அம்மாவோட சித்தி." குழந்தை சரியாகச் சொன்னால் ஒரு கடலை மிட்டாய்.

பக்கத்து வீட்டையும் பழக்கியிருக்கிறாள். சாஜிதா பேகம் அத்தை போன வியாழக்கிழமை பின்வாசல் வழியாக வந்தார். முகம் சரியில்லை. ஏங்கண்ணு, யாராச்சும் வந்து கேட்டா ராமாமணி உனக்குச் சித்தின்னு சொல்லணுமாமே, எந்த வாயால சொல்றது என்றார். நீ பொறந்த அன்னிக்கு அப்படி மழை. டவுனுக்குப் போக வண்டி கெடைக்கல. உங்கூட்டு வெறகெல்லாம் நனைஞ்சுபோச்சு. எங்கூட்டு அடுப்புல நான் வெந்நி வெச்சு எடுத்தாந்தேன் என்றார். வலது கையை நீட்டினார். கட்டை விரலுக்குக் கீழே பிறை மாதிரி ஒரு தழும்பு. வலி தாங்காம உங்கம்மா கடிச்சது, அந்த ரங்கநாயகியா வந்து கடிச்சா, நீயே சொல்லு என்றார்.

இருபத்தாறு வருஷமாகப் பார்த்த கை. தழும்பு யாருடையது என்று அன்றுதான் தெரிந்தது.

அன்று மாலை அம்மாவிடம் பேசினேன். சண்டை என்றே வைத்துக்கொள்ளுங்கள். பெத்தது நான், எவனோ தாள்ல எழுதிட்டா பெறாதவளாயிருவேனா, படிச்ச திமிரு உனக்கு என்றாள். என் தம்பி அங்க தனியாக் கெடந்து வேகறான், உனக்குக் காயிதம் பெருசாப் போச்சா என்றாள். நான் ஒன்றுதான் கேட்டேன். காயிதம் பெரிசில்லை என்றால் உண்மையையே எழுதிக் கொடுத்தால் என்ன? பருப்பில் கல் பொறுக்கப் போய்விட்டாள். ஏற்கெனவே பொறுக்கிய பருப்பு.

இப்போது உங்களிடம் கேட்கிறேன்.

எம்.ஏ. முதல் வருஷத்தில் என்னை நிறுத்தினீர்கள். நீங்கள் என்றால் நீங்கள் மட்டும் இல்லை. ஆனால் நீங்களும். அன்று சொன்ன ஒரே காரணம் ரத்தம். ரத்தம் வெளியே போகக் கூடாது, பெண் வேறு வீட்டுக்குப் போய்க் கண்ணீர் விடக் கூடாது, மாமன் இருக்கும்போது வேறு எவன். ரத்தத்தைக் காட்டி என்னைக் கட்டினீர்கள். இன்று அதே ரத்தம் இல்லை என்று என்னையே கையெழுத்துப் போடச் சொல்கிறீர்கள்.

உங்கள் சிநேகிதர்களிடம் நான் தூரத்து உறவு என்று சொல்லி வைத்திருப்பதாக ஒரு கடிதத்தில் எழுதியிருந்தீர்கள். வேடிக்கையாக எழுதுவதுபோல. அப்போது வக்கீலும் இல்லை, க்ரீன் கார்டும் இல்லை. யாரும் கேட்காமலே சொல்லியிருக்கிறீர்கள். சட்டத்துக்குப் பயப்படுகிறவரை என்னால் புரிந்துகொள்ள முடியும். நீங்கள் வெட்கப்படுகிறீர்கள். அதை மட்டும் நேராக எழுதியிருந்தால் இந்தக் கடிதம் இவ்வளவு நீண்டிருக்காது. நானும் சில நாள் வெட்கப்பட்டிருக்கிறேன். காலேஜில் கூடப் படித்தவர்கள் சிரித்திருக்கிறார்கள். ஆனால் அதற்காக நான் உங்களைச் சாகடிக்கவில்லை.

உங்கள் விண்ணப்பத்தில் என் தாயின் பெயரை எங்கும் கேட்கவில்லை என்று நீங்களே சொன்னீர்கள். அதனால் இதுவரை நீங்கள் பொய் எழுதவில்லை. பொய் இன்னும் இங்கே, குழவிக்கு அடியில்தான் இருக்கிறது. சென்னையில் அமெரிக்கத் தூதரகத்தில் எனக்கு நேர்காணல் செப்டம்பர் பதினாறு. அதற்குள் என்ன போய்ச் சேர வேண்டும் என்பது என் கையில் இருக்கிறது. நீங்கள் போன இந்த மூன்று வருஷத்தில் என் கையில் இருந்தது இது ஒன்றுதான்.

உண்மையை எழுதினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். எனக்கு விசா மறுத்துவிடலாம். நீங்கள் அங்கே, நாங்கள் இங்கே என்று ஆகலாம். அப்போது நீங்கள் யோசிக்க வேண்டும். வேறு மாநிலம், வேறு நாடு, இல்லை துடியலூர். நான் யோசித்தாகிவிட்டது.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். இருமல் இன்னும் இருக்கிறது என்று போனில் தெரிந்தது. அம்மா அன்று போனை வைத்ததும் சுக்கு இடிக்கப் போனாள், அங்கே அனுப்ப முடியாது என்பது மறந்து. எங்களை அழைப்பதானால் என்னை அழையுங்கள். ரங்கநாயகியின் மகளை எனக்குத் தெரியாது. அவள் உங்களோடு நன்றாக இருக்கட்டும்.

அடுத்த ஞாயிறு போனில் அக்காவிடம் நீங்களே சொல்லுங்கள். அவள் உங்களை வளர்த்தவள். என்னைப் பெற்றவள்.

இப்படிக்கு,
ராமாமணியின் மகள்
வசுமதி

பின்குறிப்பு, 20ஆம் தேதி: பழைய பத்திரிகையை அடுப்பில் வைத்துவிட்டதாக அம்மா சொல்லியிருந்தாள். நேற்று அவள் பீரோவில் சேலைகளுக்கு அடியில் கிடைத்தது. காது குத்திய படத்துக்குள் மடித்து வைத்திருந்தாள். மூலைகளில் மஞ்சள் பழுப்பாகியிருக்கிறது. இன்று காலை அவள் ரேஷன் கடைக்குப் போன நேரத்தில் சாஜிதா அத்தையை அழைத்துக்கொண்டு கோர்ட்டுக்குப் பக்கத்தில் ஒரு நோட்டரியிடம் போனேன். என்னைப் பெற்றவள் ராமாமணி என்று அத்தை பிரமாணம் கொடுத்தார். தழும்பையும் எழுதச் சொன்னார். நோட்டரி சிரித்தார், அத்தை சிரிக்காததைப் பார்த்து அதையும் எழுதிக்கொண்டார். புதுப் படிவத்தில் தாயின் பெயரை நான் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பழைய பத்திரிகையோடு சேர்த்துச் சென்னைக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். ரசீதின் நகல் இத்துடன் இருக்கிறது. திரும்பும் வழியில், உங்கள் ஜூன் மாத வரியை நினைத்து, ஹர்ஷிணியின் பாஸ்போர்ட்டைச் சாஜிதா அத்தை வீட்டு அலமாரியில் வைத்துப் பூட்டச் சொல்லிவிட்டு வந்தேன்.