ஹாலில் பரப்பிய மண்

அக். 28, திங்கள்
விடாத தூறல். எழுத ஒன்றுமில்லாதவள் எழுதுகிறேன். நல்ல காகிதம் பாழாவதற்கு மன்னிப்பு.

எங்கள் பள்ளி டிராயிங் மாஸ்டர் (மெட்ராஸ்காரர்) மாதா கோயில் ஹாலில் புதிதாக ஏதோ செய்கிறார். படம் இல்லை. ஓசூருக்குப் பிழைக்க வந்தவர்கள் சொந்த ஊர் மண் ஒரு பிடி கொண்டுவர வேண்டும். தரையில் கட்டம் கட்டமாகப் பரப்புவார். எல்லோரும் வெறுங்காலோடு நடக்க, மண் கலந்துவிடும். அதுதான் கண்காட்சியாம். மண் வாங்கி வைப்பது என் வேலை. பள்ளிக்கூடம் விட்டதும் அங்கே. கால் வலி.

29, செவ்வாய்
சித்தூர், சேலம், சாமல்பட்டி. வாசலில் ஒரு தெலுங்கு அம்மாள் பக்கத்திலிருந்தவளிடம், "பி.ஏ. படிச்ச பொண்ணு மண்ணு வாங்கிக்கினு நிக்குது பாரு." எனக்குக் கேட்கும்படியாகத்தான். பட்டறை வேலைக்கு வந்த பாரூர்க்காரர் ஏரி வண்டலைக் கொட்டினார். "இத மிதிக்கச் சொல்றதுக்கு நாத்து நடச் சொல்லலாம், டீச்சர்."

சோப்பு தீர்ந்துவிட்டது.

30, புதன்
மாதா படத்துக்குப் பின்னாலிருந்து பவுடர் டப்பாவை அம்மா எடுத்துக் கொடுத்தாள். அப்பாவின் கல்லறை மண். ரங்கூனில் கப்பல் ஏறிய அன்று காலை சுரண்டி எடுத்தது. "டப்பா துருப்பிடிக்குது. கொண்டுபோய்க் குடு." மாஸ்டரிடம் ரங்கூன் மண் என்று மட்டும் சொன்னேன். மூன்றாவது கட்டம்.

நவ. 1, வெள்ளி
பூசை முடிந்து நல்ல கூட்டம். செருப்பை வெளியே விட்டார்கள். ஆனால் ஒருவரும் மிதிக்கவில்லை. சுவரோரமாகவே சுற்றி, குனிந்து, தங்கள் ஊர் மண்ணைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனார்கள். மாஸ்டர் முகம் வாடிவிட்டது. "நீங்க முதல்ல நடந்தா மத்தவங்களும் வருவாங்க, டீச்சர்."

இரண்டு கட்டம் நடந்தேன். மூன்றாவதில் கால் எழவில்லை.

சுவரோரம் நின்ற அம்மா, மெதுவாக: "நடடி. அவர் நெஞ்சு மேல ஏறி வெளையாண்டவதான நீ."

நடந்தேன். பின்னால் பாரூர்க்காரர், தெலுங்கு அம்மாள், அப்புறம் எல்லோரும். சாயங்காலம் யார் ஊர் மண் எது என்று தெரியவில்லை. அம்மா அழவில்லை. காலைக் கழுவவும் இல்லை.

2, சனி
கல்லறைத் திருநாள். மழை விட்டிருக்கிறது. கோயில் வாசலில் மெழுகுவத்தி வியாபாரம். நாங்கள் வாங்குவதில்லை, இங்கே எங்களுக்கென்று கல்லறை கிடையாது. ஹாலைக் கூட்டிவிட்டார்கள். மண் குவியலாக வாசலில். வண்டி வந்தால் எங்கேயாவது கொட்டிவிடுவார்களாம். பங்குச் சாமியார் எதிரே வந்தார். தோத்திரம் சொல்லிவிட்டு நின்றேன். அவரும் நின்றார். அப்புறம் கேட்டே விட்டேன்.

"அந்த மண்ண வெளிய கொட்ட வேண்டாம், சாமி. எங்கப்பா அதுல இருக்கார். கல்லறைத் தோட்டத்துல ஒரு மெழுகுவத்தி நிக்கிற அளவுக்கு எடம் குடுங்க."