அப்பா திட்டிவிட்டார்

அன்புள்ள அம்மா,

இந்த ஊரில் குழாயைத் திறந்தால் வெந்நீர், வாயைத் திறந்தால் வெண்புகை. அவ்வளவு குளிர்.

வந்ததிலிருந்து அப்பா என்னை விருந்தாளியாகவே நடத்தினார். கட்டிலை எனக்குக் கொடுத்துவிட்டுத் தரையில் படுத்தார். வேண்டுமென்றே காபியில் உப்பைப் போட்டுக் கொடுத்தேன். "நல்லா இருக்குப்பா" என்று முழுவதையும் குடித்தார்! இத்தனை வருடம் வீடியோ காலில் மட்டும் பார்த்தவர், நேரிலும் அப்படியே எட்டி இருந்துவிடுவாரோ என்று பயந்துவிட்டேன்.

இன்று காலை அவர் ஷூவுக்குள் ஐஸ்கட்டியைப் போட்டேன்.

"டேய் எருமை! வேலைக்குப் போற நேரத்துல விளையாட்டா? அம்மாவும் புள்ளையும் சேர்ந்து என் உயிரை வாங்கறீங்க!"

கத்திவிட்டு, அந்த ஐஸ்கட்டியை என் சட்டைக்குள்ளேயே போட்டார். எருமை என்று திட்டவும் ஓர் உரிமை வேண்டுமே, அம்மா!

நேற்று போனில் திரும்பி வர டிக்கெட் கேட்டேன் அல்லவா? அதை மறந்துவிடு.

இப்படிக்கு,
இனி இரண்டு பேரிடமும் திட்டு வாங்கப்போகும்
உன் மகன்