பிளக் துளையில் தொங்கிய கயிறு

இன்று காலை வண்டியை ஸ்டார்ட் செய்துவிட்டுப் பின்னால் போய்ப் பார்த்தேன். சைலன்சரில் நீலப் புகை இல்லை. நம் பழைய அம்பாசிடர் காலையில் உறுமும்போதெல்லாம் வாசலையே மறைக்குமே, அந்தப் புகை சுத்தமாக நின்றுவிட்டது. சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். எனக்கு உங்கள் மேல் கோபம்தான் பொங்கிக்கொண்டு வந்தது. கார்த்திகையில் போனீர்கள், இப்போது சித்திரை. இன்னும் ஆறவில்லை. ஆறவும் வேண்டாம்.

இன்ஜினுக்கு வந்த நோயை எத்தனை அக்கறையாகக் கண்டுபிடித்தீர்கள்! "ஓடும்போது புகை இல்ல, ஸ்டார்ட் பண்றப்பதான் வருது. அப்போ ரிங்கு போகல. வால்வு சீல்தான் காஞ்சிபோயி லூசாயிடுச்சி. வண்டி நிக்கும்போது ஆயில் சொட்டு சொட்டா உள்ள எறங்குது" என்று டாக்டர் மாதிரி விளக்கினீர்கள். அதே மழைக்காலத்தில்தான் நாலு படி ஏறினாலே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றீர்கள். அதற்கு என்ன வைத்தியம் பார்த்தீர்கள்? சோடாவில் உப்பு. நம் உப்பளத்தில் யாருக்கு நெஞ்சு அடைத்தாலும் அதுதான் மருந்து. ஒரு ஏப்பம் வந்துவிட்டால் நோய் போய்விட்டதாகக் கணக்கு. எழுதும்போதே எரிச்சலாக இருக்கிறது.

தை மாதக் கல்யாணங்களுக்கு வண்டி கேட்டிருந்தார்கள். உப்புப் பாத்தியெல்லாம் மழைத்தண்ணீர் நின்று, உங்களுக்கும் வேலை இல்லை. அதற்குள் சீல் மாற்றிவிட வேண்டும் என்று குதித்தீர்கள். அதுவும் ஹெட்டைக் கழற்றாமல். பிளக்கைக் கழற்றிவிட்டு அந்தத் துளை வழியாக நைலான் கயிற்றை உள்ளே விட வேண்டும். முன்னால் ஹேண்டிலை மெதுவாகச் சுற்றினால் பிஸ்டன் மேலே வந்து கயிற்றை வால்வோடு சேர்த்து அழுத்தும். பிறகு சீல் மாற்ற ஸ்பிரிங்கை எடுத்தாலும் வால்வு உள்ளே விழாது. உப்பளத்து மோட்டார் கொட்டகையில் கிடந்த கயிற்றை நான் எடுத்து வந்து கொடுத்ததும் கத்தினீர்கள். "உப்புக் கயிற இன்ஜினுக்குள்ள விடுவாங்களா? நல்ல தண்ணில அலசி, அடுப்புப் பக்கம் காயவச்சி எடுத்துனு வா." இன்ஜினுக்கு உப்பு ஆகாது என்று தெரிந்திருந்தது. பிரஷர் பார்த்த டாக்டர் உங்களுக்கு ஆகாது என்று சொன்னது மட்டும் காதில் ஏறவில்லை.

இரண்டு சிலிண்டர் முடிந்தது. கயிறு மூன்றாவதில் இருந்தது. ஸ்பிரிங்கைக் கழற்றி என் கையில் கொடுத்தபோது உங்கள் முகம் சாம்பல் பூத்திருந்தது, சட்டை வியர்வையில் ஒட்டிக்கொண்டிருந்தது.

"ஏங்க, எழுந்திருங்க. பாண்டி ஆஸ்பத்திரிக்குப் போயிடலாம்."

"வாயுப் புடிப்பும்மா. ஒரு சோடா வாங்கினு வரச் சொல்லு."

"உங்க தம்பிய ஆட்டோ கூட்டியாரச் சொல்றேன்."

"இத பாதில வுட்டுட்டு எப்டி வர்றது? வால்வு உள்ள வுழுந்துடும். இந்த ரெண்டு சீல மாட்டிட்டு வரேன், நீ சும்மா இரு."

பொய். அதற்குச் சற்று முன்னால்தான், "கயிறு இருக்கிற வரைக்கும் எத்தினி நாளானாலும் வால்வு அசையாது" என்று பெருமை பேசியிருந்தீர்கள். சீலை ஆயிலில் தோய்த்தீர்கள். அது கையிலிருந்து நழுவியது, நீங்களும் அப்படியே பம்பர் மேல் சாய்ந்தீர்கள். வீட்டு வாசலில் சொந்தக் கார் வாயைப் பிளந்துகொண்டு நிற்க, உங்கள் தம்பி எங்கேயோ ஓடி ஒரு ஆட்டோவைப் பிடித்து வந்தார். பாண்டிக்குப் போகும் வழியில் பொம்மையார்பாளையம் தாண்டும்போது என் கையைப் பிடித்திருந்த உங்கள் கை தளர்ந்துவிட்டது.

அந்தக் கயிறு நான்கு மாதம் உள்ளேயே இருந்தது. நான்கு மாதமும் வால்வு விழவில்லை. உங்களால் அரை மணி நேரம் அதை விட்டுவிட்டு வர முடியவில்லை.

உங்கள் தம்பி நல்லவர்தான், ஆனால் அவருக்கு அந்த வண்டியைப் பார்க்கவே பிடிக்கவில்லை. "அண்ணி, இது இன்னாத்துக்கு? காயலான் கடையில போட்டுடலாம். சித்திரையில ஆள் வர்றான்" என்றார். ஓடாத வண்டியாக அது இந்த வீட்டை விட்டுப் போவதை என்னால் பொறுக்க முடியவில்லை. "ஓடலைன்னா எடுத்துனு போவட்டும்" என்று சொல்லிவிட்டு மீதி சீல்களை மாற்ற நானே உட்கார்ந்தேன். முதல் இரண்டு சிலிண்டருக்கும், ஸ்பிரிங்கைப் பிடித்து நிறுத்தும் ஒவ்வொரு குட்டி லாக்கையும் எடுத்துக் கொடுத்தவள் நான்தானே. ஸ்பிரிங்கை அழுத்தி லாக்கை உட்கார வைப்பதற்குள் விரலெல்லாம் கிழிந்தது. ஒவ்வொரு முறை அது துள்ளி ஓடும்போதும் உங்களைத் திட்டினேன், பக்கத்து வீடு வரைக்கும் கேட்கும்படி. நேற்று சாயங்காலம்தான் முடிந்தது.

இன்று காலை புகையில்லாமல் ஓடிக்கொண்டிருந்த வண்டியை அணைக்கப் போன நேரத்தில், நம் பாத்தியில் உப்பு வாரும் ஏழுமலையைக் கைத்தாங்கலாகக் கூட்டி வந்தார்கள். நெஞ்சைப் பிடித்துக்கொண்டிருந்தான். அவன் மனைவி கையில் சோடா பாட்டில், இன்னொரு கையில் உப்பு. எனக்குள் என்ன புகுந்ததோ, அந்த பாட்டிலைப் பிடுங்கி எறிந்தேன்.

"வாயுதான் யக்கா, சரியாயிடும்" என்றான்.

"வாயைத் தொறக்காத. வண்டியில ஏறுடா!"

பாண்டி வரைக்கும் நான்தான் ஓட்டினேன். எங்கும் நிற்கவில்லை. ஈ.சி.ஜி. எடுத்து, ரத்தம் எடுத்து, வெகுநேரம் படுக்கவைத்துப் பார்த்துவிட்டு ஒரு டாக்டர் பெண் வெளியே வந்து சொன்னாள். "ஹார்ட் நல்லா இருக்குதும்மா. வெறும் கேஸ்தான்."

திரும்பி வரும்போது அவன் மனைவிக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "சோடால போற வாயுவுக்கு எங்கள பாண்டி வரைக்கும் இட்டுனு போனீங்களே யக்கா!" என்றாள். ஏழுமலையும் சிரித்தான். நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன். அவர்களை இறக்கிவிட்டுத் தனியாக உட்கார்ந்தபோதுதான் ஸ்டியரிங்கில் தலையை முட்டிக்கொண்டு அழுதேன்.

இனி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு யார் வந்தாலும் இப்படித்தான் ஏற்றிக்கொண்டு போவேன். ஊர் சிரிக்கட்டும். நாமும் அன்றைக்குப் போயிருக்கலாம். வெறும் வாயுதான் என்று சொல்லி அனுப்பியிருந்தால், வழியெல்லாம் என்னைக் கேலி பேசிக்கொண்டே வந்திருப்பீர்கள். வருஷக்கணக்கில் சொல்லிக்காட்டியிருப்பீர்கள். வாயுவில்லை என்றாலும், உங்களைக் காப்பாற்ற அங்கே யாராவது முயன்றாவது பார்த்திருப்பார்கள். இரண்டில் ஒன்றுக்குக்கூட எனக்கு நீங்கள் வழிவிடவில்லை.