நீங்கள் அடக்கிய மூச்சு

நானா,

நேற்றுக் காலை கட்டுகஸ்தோட்டைப் பாலத்தில் பஸ் நின்றது. பின்னால் அம்புலன்ஸ் சத்தம். வாகனங்கள் ஒதுங்கின. அது கடந்து போன பிறகுதான் நான் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தது எனக்கே தெரிந்தது. "என்ன ஐயா, சுகமில்லையா?" என்றார் பக்கத்தில் இருந்தவர். உங்களைப் பற்றி அவரிடம் எங்கிருந்து தொடங்குவது?

மடவளையிலிருந்து வந்து நீங்கள் அம்புலன்ஸ் ஓட்டினீர்கள்; உங்கள் ஊரில் அண்ணனை அழைப்பதுபோல நானும் உங்களை நானா என்றேன். பின்னால் நோயாளியோடு இருப்பவன் நான். தினமும் பெட்டியைத் திறந்து, மூச்சுக் குழாய்களை அளவுப்படி அடுக்கி, தொண்டைக்குள் பார்க்கும் விளக்கை மூன்று தரம் எரித்துப் பார்ப்பேன். "பெட்டிக்குப் பூசை முடிஞ்சா போவமா சேர்?" என்பீர்கள்.

குழாய் போடக் குனிந்தால் எனக்கு நேரம் போவது தெரியாது. அதைக் கண்டுபிடித்தவரும் நீங்கள்தான். அன்றிலிருந்து, நான் நோயாளியின் வாயைத் திறந்ததும் நீங்களும் கன்னம் உப்ப மூச்சை அடக்குவீர்கள். மூச்சு முட்டியதும் "போதும் சேர்!" என்பீர்கள். உடனே நான் நிறுத்திவிட்டு, முகமூடியை வைத்து, காற்றுப் பையை அமுக்கி மூச்சுக் கொடுக்க வேண்டும். அதுதான் நமது ஏற்பாடு.

பல்லேகலயில் மின்சாரம் தாக்கிய அந்தத் தொழிலாளிக்கு நாடி இருந்தது, மூச்சு இல்லை. பையால் மூச்சுக் கொடுத்துவிட்டுக் குழாயை எடுத்தேன். முதல் தரம் தொண்டைக்குள் மூச்சு வழி தெரியவில்லை. "போதும்" என்றீர்கள், கேட்டேன். மறுபடி மூச்சுக் கொடுத்து, இரண்டாம் தரம் குழாயை இறக்கினேன். ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்டால் நெஞ்சில் சத்தமில்லை, வயிற்றில் குமிழி; குழாய் உணவு வழியில் போயிருந்தது. உருவி எடுத்தேன். உடனே பையை எடுத்திருக்க வேண்டும். ஆனால் சுற்றி நின்ற கூட்டத்தில் யாரோ, "இவருக்குக் கை நடுங்குதே" என்றார்கள். நான் மூன்றாம் தரம் குனிந்தேன்.

"போதும் சேர்."

கேட்டது. நான் நிற்கவில்லை. நீங்கள் என் மணிக்கட்டைப் பிடித்தீர்கள். உங்கள் முகம் சிவந்திருந்தது.

"எனக்கே ஏலாது சேர். அந்த மனிசன் எவ்வளவு நேரமா அடக்கிட்டுக் கிடக்கிறார்?"

வழி முழுவதும் பையை அமுக்கிக்கொண்டே வந்தேன். தென்னக்கும்புறப் பாலத்தருகே அவருடைய நெஞ்சு தானாக ஒருமுறை எழுந்தது. பிறகு இன்னொரு முறை.

ஆஸ்பத்திரி வாசலில் அறிக்கை எழுதினேன். "குழாய் சரிவரவில்லை என்றுதான் எழுத வேண்டும்" என்றேன். "மூச்சு வந்திச்சு என்டும் எழுதுங்களேன்" என்று சொல்லிவிட்டுத் தேநீர் வாங்கப் போனீர்கள்.

எழுதினேன், நானா. அதற்கு மேலே இன்னொரு வரியும் எழுதினேன்: 'இரண்டு முயற்சிகளுக்குப் பின் நிறுத்தினேன்.' எழுதியது ஆங்கிலத்தில். நீங்கள் கேட்கவில்லை, நானும் வாசித்துக் காட்டவில்லை. அந்த வரிக்காகப் பிறகு என்னை நிதானமானவர் என்று பாராட்டினார்கள். போன மாதம் உங்களை நல்லடக்கம் செய்த அன்று, ஜனாஸாவில் வெளி வாசலில் நின்றேன். உங்கள் மகனிடம் சொல்ல வந்ததைச் சொல்லாமலே பஸ் ஏறினேன்.

இந்த மடலை அவரிடம் கொடுக்கப் போகிறேன். அன்று நிறுத்தியது நான் இல்லை.

நேற்று பஸ்ஸில் நான் மூச்சை அடக்கியது, அன்று நீங்கள் அடக்கியதில் பாதி நேரம்கூட இல்லை.